இரண்டாம் கோப்பு

முதல் கோப்பைப் படித்தவர்களுக்கு முடிவு தெரியும்:
தாழன் செத்தான்.
கதவுகளின் தெய்வம், எண்ணூர்க் கழிமுகத்தில்
குப்புறக் கிடந்தான், ஒரு விசைப்படகு நீளத்துக்கு.
கொன்றது நான்தான் என்றார்
புதுப்பேட்டைப் பூட்டுக்காரர் பிச்சாண்டி.
புழலில் ஆறு மாதம், பிறகு காய்ச்சல்.
நான் கையெழுத்துப் போட்டு நாடா கட்டினேன்.

அதற்கு முன்பே மற்றவர்கள் போயிருந்தார்கள்.
தூறி செத்த ஆண்டு
மழை வழி மறந்து கடலுக்குள்ளேயே பெய்து தீர்த்தது.
நிழலாத்தி போனபின் மரத்தடியிலும் வெயில்.
அவள் விலா எலும்புகளுக்கு நடுவேதான்
பறக்கும் ரயில் போகிறது;
சிந்தாதிரிப்பேட்டை தாண்டும்போது எட்டிப் பாருங்கள்,
தூண்களில் சில மட்டும் வெள்ளை.
எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டோம்.

தாழனுக்குத்தான் பழக முடியவில்லை.
பதினோரு வருடமாக இந்த ஊரில்
ஒரு கதவும் பூட்டிக்கொள்ளவில்லை.
கொண்டி விழும், உடனே நழுவும்.
திண்டுக்கல் பூட்டு கொட்டாவி விடும்.
ஆண்கள் கொஞ்ச நாள் திருடர்களைப் பற்றிப் பேசினார்கள்.
பெண்கள் ஒன்றும் பேசாமல்
ஆட்டுக்கல்லை நகர்த்திக் கதவோடு முட்டுக்கொடுத்துவிட்டு
அவசரமாகக் குளித்தார்கள்.

நேற்றுக் காலை வியாசர்பாடியிலிருந்து போன்.
"மேடம், இங்க ஒரு கதவு பூட்டிக்கிட்டிருக்கு."
ஏட்டு இம்மானுவேல் கிசுகிசுத்தார்,
பிணம் எழுந்து உட்கார்ந்ததைச் சொல்வது போல.

ஹவுசிங் போர்டு, எட்டாவது பிளாக், மூன்றாவது மாடி.
படி முழுக்கக் கூட்டம்.
பச்சை பெயின்ட் உரிந்த கதவைத்
தொட்டுத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.
ஒருவன் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தான்.
"உள்ள இருக்கறது என் பொண்டாட்டி."
கையில் பெல்ட், இரண்டு சுற்றாக.

நான் தட்டவில்லை.
ஜீப்பை எண்ணூருக்கு விடச் சொன்னேன்.

தெய்வங்கள் அழுகுவதில்லை, சாம்பல் படியும், அவ்வளவுதான்.
அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கையால் வழித்து
நீர் வற்றும்வரை காத்திருந்து
எண்ணினேன்.
ஒன்பது.
இடது சுண்டுவிரல் இருந்த இடத்தில்
ரம்பம் அறுத்த நேர்த்தி. அறுத்தவர் தொழில் தெரிந்தவர்.
என் பழைய அறிக்கையில்: விரல்கள், பத்து.
அன்று சேறு முழங்கால் வரை. இருட்டு வேறு.
யார் எண்ணினார்கள்?

செத்தவனிடமிருந்து ஒரு விரலைத் திருடிவிட்டு
கொன்றதாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார் மனிதர்,
நாங்கள் எண்ணாமல் இருப்பதற்காக.

திரும்பியபோது விளக்கு வைத்துவிட்டார்கள்.
கூட்டம் இல்லை. பெல்ட்டுக்காரன் டாஸ்மாக் போயிருந்தான்.
சாவித் துளையில் வாய் வைத்துக் கேட்டேன்.

உங்க அப்பா பேரு?
வெகுநேரம் கழித்து, "பிச்சாண்டி."
விரல் எங்க?
"குறுக்கே போட்டிருக்கேன். உலக்கை கனம்.
பதினோரு வருஷம் அரிசிப் பானையில இருந்தது.
முந்தாநேத்து ராத்திரிதான் எடுத்தேன்."
அப்போ அவனைக் கொன்னது யாரு?

உள்ளே பாத்திரம் ஏதோ உருண்டது.

"யாரும் கொல்லல.
கதவைச் சாத்திக்கிட்டுத்தான எல்லாரும் அடிக்கறாங்க.
ஒவ்வொரு கதவுலயும் நின்னு கேட்டிருக்கான்.
கேட்டுக் கேட்டே செத்துட்டான்னு அப்பா சொன்னாரு.
நீங்க எடுத்துட்டுப் போகவா வந்தீங்க?"

கதவில் கை வைத்தேன்.
இளஞ்சூடாக இருந்தது, மாட்டின் கழுத்தைப் போல.

கீழே யாரோ தள்ளாடிப் படியேறும் சத்தம்.
இம்மானுவேலிடம் சொன்னேன்:
அவன் வந்தா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க.
அந்த பெல்ட்டையும் எழுதிக்குங்க.
"கதவு, மேடம்?"
ஈரத்துல மரம் ஊதிப்போச்சு. அதான் திறக்கல.

அறையில் என் கதவு வழக்கம் போல
காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது.
நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு
இரண்டாம் கோப்பைத் திறந்தேன்.
தேதி. இடம். பிரேதத்தின் நிலை.

விரல்கள்: பத்து.

இந்த முறை
எண்ணிவிட்டுத்தான் எழுதினேன்.